வாங்காத கடன், நடத்தாத நிறுவனம்: அடையாளத் திருட்டை யாரிடம் முறையிடுவது?

வாங்காத கடனுக்குத் தவணை கேட்டு நுண்கடன் நிறுவனத்தின் வசூல் ஊழியர் வாசலில் வந்து நிற்கிறார். செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போய்வரும் ஒருவரின் பெயரில் இரும்புக் கழிவு வணிகம் நடப்பதாகவும், அதற்குப் பல லட்சம் ரூபாய் சரக்கு மற்றும் சேவை வரி நிலுவை என்றும் அஞ்சலில் அறிவிப்பு வருகிறது. பார்த்தே இராத மாநிலத்தின் காவல் நிலையம் ஒன்று, நூறு நாள் வேலைக் கூலி வந்து சேரும் வங்கிக் கணக்கை முடக்கிவிடுகிறது. நிலம், பாதை, தாக்குதல் என்று நமக்குப் பழகிய மனுக்களுக்கு இடையே, காலனிகளில் நாங்கள் நடத்தும் சட்ட உதவி முகாம்களுக்கு இப்போது இத்தகைய மனுக்களும் வருகின்றன.

இப்படியொரு செய்தி வீட்டுக்கு வந்ததும் மக்கள் முதலில் செய்வது, தெரிந்த ஒருவரிடம் வாய்மொழியாகச் சொல்வது. அவர் கிராம நிர்வாக அலுவலராக இருக்கலாம், கட்சிக்காரராக இருக்கலாம், சில வேளைகளில் ஆதார் நகலை வாங்கிச் சென்ற அதே இடைத்தரகராகவும் இருக்கலாம். 'பார்த்துக்கொள்ளலாம், ஒன்றும் ஆகாது' என்ற பதிலோடு திரும்பிவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து எங்களிடம் வரும்போது அவர்கள் கையில் அறிவிப்பு இருக்கிறது. அதை அப்போதே மறுத்தார்கள் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இருப்பதில்லை. 'இது நான் இல்லை' என்று எந்தத் தேதியில், எந்த அலுவலகத்தில், எழுத்தில் சொன்னீர்கள் என்பதைத்தான் வங்கியும் காவல்துறையும் நீதிமன்றமும் கேட்கும். அந்தக் காகிதம் இல்லாதவர் பாதிக்கப்பட்டவர் என்ற இடத்திலிருந்து குற்றஞ்சாட்டப்பட்டவர் என்ற இடத்துக்கு எளிதில் தள்ளப்படுகிறார்.

அப்படித் தள்ளப்படுவது எப்படி நடக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே பெரிய முன்னுதாரணம் உண்டு. 2020-இல் வெளிவந்த பிரதமர் கிசான் நிதி மோசடியில், ஆண்டுக்கு 6,000 ரூபாய் வழங்கும் உழவர் உதவித் திட்டத்தில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட தகுதியற்ற பெயர்கள் சேர்க்கப்பட்டிருந்தன. சுமார் 110 கோடி ரூபாய் முறைகேடாக வழங்கப்பட்டதாக அரசே தெரிவித்தது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் இது மிகுதியாக நடந்தது. துறை அலுவலர்களுக்கு உரிய கடவுச்சொல்லைப் பயன்படுத்திப் பெயர்களைப் பதிவேற்றியவர்கள் ஒப்பந்த ஊழியர்களும் கணினி மைய நடத்துநர்களும் இடைத்தரகர்களும் ஆவர். வழக்கு குற்றப்பிரிவு குற்றப் புலனாய்வுத் துறைக்குச் சென்றது. பலர் கைது செய்யப்பட்டனர். ஆனால் பணத்தை மீட்கும் நடவடிக்கை, பெயர் பயன்படுத்தப்பட்டவர்களின் வங்கிக் கணக்குகளில்தான் தொடங்கியது. கொரோனா நிவாரணம் என்று சொல்லி ஆவணங்களை வாங்கிச் சென்றதாக அப்போதே செய்திகள் வந்தன. எனினும் அரசின் பதிவேட்டில், ஆதாரையும் கணக்குப் புத்தகத்தையும் கொடுத்த நிலமற்ற கூலித் தொழிலாளிக்குக் கிடைத்த பெயர் 'தகுதியற்ற பயனாளி' என்பதுதான். ஏமாற்றப்பட்டவர் என்ற பத்தி அந்தப் படிவத்தில் இல்லை.

நகர்ப்புற நடுத்தர வர்க்கத்தினருக்கு அடையாளத் திருட்டு என்றால், எங்கோ இருக்கும் முகமறியாத ஒருவன் தொலைபேசியில் கடவு எண் கேட்பது. நம் தெருக்களில் திருடுபவர் பெரும்பாலும் முகம் தெரிந்தவர். கல்வி உதவித்தொகைக்கு என்று, வீட்டுமனைப் பட்டாவுக்கு என்று, குழுக் கடனுக்கு என்று, சூளை முதலாளி தரும் முன்பணத்துக்கு என்று நகல்கள் போய்க்கொண்டே இருக்கின்றன. 'எதற்கு இது?' என்று கேட்பவருக்கு அந்தச் சலுகை கிடைக்காமல் போகலாம் என்ற அச்சம் இருக்கும் இடத்தில், ஒப்புதல் என்ற சொல்லுக்கு என்ன பொருள்? மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று அலுவலகங்கள் திரும்பத் திரும்பச் சொல்வதை நாங்கள் ஏற்பதில்லை. ஒரு ஆதார் நகல் தவறான கைக்குப் போகும் என்பதை அறியாதவர்கள் இன்று யாருமில்லை. மறுக்கும் வலிமைதான் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

இனி முறையீட்டுக்கு வருவோம். அடையாளத் திருட்டுக்கு ஒரே கதவு என்று எதுவும் இல்லை. காவல் நிலையம் குற்றவாளியைப் பிடிக்கலாம். உங்கள் பெயரில் உள்ள கடன் பதிவை அழிக்க அதற்கு அதிகாரமில்லை. கடன் தகவல் நிறுவனம் பதிவைத் திருத்தலாம். யாரையும் விசாரிக்க முடியாது. வரி அலுவலர் போலிப் பதிவை ரத்து செய்யலாம். உங்கள் பான் எண் வேறெங்கெல்லாம் பயன்பட்டது என்று தேட மாட்டார். ஓரிடத்தில் மனு கொடுத்துவிட்டுக் காத்திருப்பவரிடம், அடுத்த அலுவலகம் 'எங்களுக்கு எதுவும் வரவில்லையே' என்று சொல்லும். எனவே ஒரே நாளிலோ ஒரே வாரத்திலோ, ஒரே செய்தியை, உரிய எல்லா இடங்களுக்கும் எழுத்தில் அனுப்ப வேண்டும். ஒவ்வொரு மனுவிலும் மற்ற மனுக்களின் தேதியைக் குறிப்பிட வேண்டும்.

கணக்கிலிருந்து பணம் போயிருந்தால், எழுதுவதற்கு முன் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். இது இணைய நிதி மோசடிக்கான நாடு தழுவிய உதவி எண். இங்கே பதிவாகும் புகார், பணம் சென்று சேர்ந்த வங்கிக்கு உடனே தெரிவிக்கப்படுகிறது. பணம் அங்கிருந்து எடுக்கப்படாமல் இருந்தால் அதை நிறுத்திவைக்க முடியும். அதனால்தான் மணிக்கணக்கு இங்கே முக்கியம். அடுத்து, தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்தில் புகாரைப் பதிந்து ஒப்புகை எண் பெற வேண்டும். அன்றே வங்கிக் கிளையிலும் எழுத்துப்பூர்வமாகக் கொடுக்க வேண்டும். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வங்கியின் மீதோ வாடிக்கையாளர் மீதோ தவறில்லாமல் மூன்றாம் நபரால் நடந்த மின்னணுப் பரிவர்த்தனையை, வங்கியிடமிருந்து தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு எந்த இழப்பும் சாராது. நான்கிலிருந்து ஏழு வேலை நாட்களுக்குள் என்றால், ஜன்தன் போன்ற அடிப்படைக் கணக்குகளுக்கு இழப்பின் உச்சவரம்பு 5,000 ரூபாய். தவறு வாடிக்கையாளருடையது என்றால் அதை நிரூபிக்கும் சுமை வங்கியினுடையது. கிளை மேலாளர்கள் இதைச் சொல்வதில்லை. 'நீங்கள்தான் ஓ.டி.பி. கொடுத்திருப்பீர்கள்' என்பதே பெரும்பாலும் முதல் பதில். சாதாரணக் கைப்பேசி மட்டுமே வைத்திருக்கும், கைரேகை வைத்தே பணம் எடுக்கும் ஒரு பாட்டியிடமும் இதே பதில் சொல்லப்படுவதைக் கேட்டிருக்கிறோம்.

கைரேகை வழியாகப் பணம் போயிருந்தால், ஆதார் ஆணையத்திடமிருந்து இரண்டு காரியங்கள் ஆக வேண்டும். முதலாவது, ஆதார் சரிபார்ப்பு வரலாறு. கடந்த ஆறு மாதத்தில் உங்கள் ஆதார் எந்தத் தேதியில், எந்த நேரத்தில், எந்த முறையில், எந்த நிறுவனத்தால் சரிபார்க்கப்பட்டது என்பதை ஆணையத்தின் இணையதளத்தில் பார்க்கலாம். நீங்கள் வயலில் களையெடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் விரல் வேறோர் ஊரில் பதிவாகியிருந்தால் அதைவிடச் சிறந்த சான்று இல்லை. ஆறு மாதத்துக்கு முந்தையது கிடைக்காது என்பதால், சந்தேகம் எழுந்த அன்றே அதை அச்செடுத்து வைக்க வேண்டும். இரண்டாவது, கைரேகைப் பூட்டு. 1947 என்ற எண்ணில் இதற்கான வழி கேட்கலாம். ஆதாரோடு கைப்பேசி எண் இணைந்திருந்தால்தான் இவ்விரண்டும் எளிது. பூட்டியபின் நியாயவிலைக் கடையிலும் கைரேகை செல்லாது. பொருள் வாங்கும் நாளில் தற்காலிகமாகத் திறந்துகொள்ள வேண்டும். பூட்டச் சொல்லும் அறிவுரைகள் இதை விட்டுவிடுவதால், ரேஷன் கிடைக்காமல் திரும்பியவர்கள் பூட்டவே கூடாது என்று முடிவெடுத்துவிடுகிறார்கள்.

உங்கள் பெயரில் வேறு யாரேனும் சிம் அட்டை வாங்கியிருக்கிறார்களா என்பதைத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்த்து, உங்களுடையதல்லாத எண்ணை அங்கேயே மறுக்கலாம்.

நம் பெண்களை மிகுதியாகத் தொடுவது கடன். இதில் எங்கள் முதல் அறிவுரை ஒன்றுதான்: வாங்காத கடனுக்கு ஒரு தவணைகூடக் கட்டாதீர்கள். 'இந்த வாரம் மட்டும் ஐந்நூறு ரூபாய் கட்டிவிடுங்கள், அலுவலகத்தில் பேசிச் சரிசெய்கிறேன்' என்பார் வசூல் ஊழியர். குழுவில் உள்ள மற்ற பெண்களும், தங்கள் அடுத்த கடன் நின்றுவிடும் என்ற அச்சத்தில் அதையே வற்புறுத்துவார்கள். அந்த ஐந்நூறு ரூபாய்க்கு ரசீது போட்ட நொடியில், கடனை நீங்கள் ஒப்புக்கொண்டதாக நிறுவனத்தின் ஏடு சொல்லத் தொடங்கிவிடும். அதற்குப் பதிலாக நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதி, கடன் விண்ணப்பம், அதில் ஒட்டிய படம், கொடுக்கப்பட்ட அடையாள ஆவணங்கள், பணம் எந்தக் கணக்கில் செலுத்தப்பட்டது என்ற விவரம், கடன் அட்டையின் நகல் ஆகியவற்றைக் கேட்க வேண்டும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் கடன் அட்டை தரப்பட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2022-ஆம் ஆண்டு நுண்கடன் விதி. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக் கூடாது என்பதும் அதே விதியில் உள்ளது. பணம் வேறொருவர் கணக்குக்குப் போயிருந்தால் வழக்கு பாதி முடிந்தது. உங்கள் கணக்குக்கே வந்து, அன்றே கைரேகை வைத்து எடுக்கப்பட்டிருந்தால், மேலே சொன்ன சரிபார்ப்பு வரலாறு அங்கே உதவும்.

கடன் பதிவு, சிபில் என்று எல்லோரும் பொதுவாக அழைக்கும் கடன் தகவல் நிறுவனங்களில் இருக்கிறது. சிபில், ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், சி.ஆர்.ஐ.எஃப். ஹை மார்க் என அவை நான்கு. ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர ஒவ்வொன்றும் கடமைப்பட்டது. நான்கிலும் எடுத்துப் பார்ப்பது நல்லது. ஒன்றில் இல்லாத போலிக் கடன் இன்னொன்றில் இருக்கும். மறுப்பைப் பதிவு செய்தால் 30 நாட்களுக்குள் தீர்க்க வேண்டும். தவறினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. கடன் கொடுத்த நிறுவனம் 30 நாட்களில் பதில் தராவிட்டாலோ, மறுத்தாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். வழி கேட்பதற்கான எண் 14448.

இங்கே கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். குழுக் கடனில் மற்றவர் பெயரில் கடன் எடுத்தவர் பல வேளைகளில் அதே தெருவைச் சேர்ந்த குழுத் தலைவியாகவே இருக்கிறார். 'நம்ம பொண்ணு மேல நாமே கேஸ் கொடுக்கறதா' என்று மனுவை மடித்து வைத்துவிடுகிறார்கள். அந்த மனத்தடையை நாங்கள் எள்ளி நகையாட மாட்டோம். ஆனால் நிறுவனத்துக்கும் கடன் தகவல் நிறுவனத்துக்கும் மறுப்பு எழுத, யார் மீதும் குற்றம் சுமத்த வேண்டியதில்லை. 'இந்தக் கடனை நான் வாங்கவில்லை' என்ற வாக்கியம் போதும்.

வரி அறிவிப்பு வந்தால், அதைப் பிரிக்காமல் வைப்பதுதான் மிகப்பெரிய ஆபத்து. போலி நிறுவனங்களின் பெயரில் பொய் விலைப்பட்டியல் எழுதி வரிச்சலுகை எடுப்பவர்களுக்கு ஏழைகளின் பான் எண்ணும் மின்கட்டண ரசீதும் மூலப்பொருள். போலிப் பதிவுகளைக் கண்டுபிடிக்க 2023 மே 16 முதல் ஜூலை 15 வரை நாடு முழுவதும் தனி ஆய்வே நடத்த வேண்டியிருந்தது என்பதிலிருந்து இதன் அளவை ஊகிக்கலாம். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் பான் எண்ணைக் கொண்டு தேடினால், அதன்மீது எத்தனை பதிவுகள், எந்தெந்த மாநிலத்தில் உள்ளன என்பது தெரியும். ஒவ்வொரு பதிவுக்கும் உரிய வரி அலுவலருக்கு மறுப்பும், பதிவை ரத்து செய்யும் கோரிக்கையும், காவல் புகாரின் நகலும் போக வேண்டும். ஆணையே பிறப்பிக்கப்பட்டுவிட்டால் மேல்முறையீட்டுக்கு மூன்று மாதம்தான் காலம். ஆணை இணையதளத்திலேயே ஏற்றப்பட்டு, போலிப் பதிவில் உள்ள திருடனின் மின்னஞ்சலுக்குப் போவதால், உரியவருக்கு அது தெரிவதற்குள் காலம் கடந்துவிடுவதும் உண்டு. அப்போது உயர்நீதிமன்றத்தின் நீதிப்பேராணை வழி மட்டுமே மிஞ்சும்.

காவல் நிலையத்தில் நடப்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் மனு கொடுத்தால் பெரும்பாலும் கிடைப்பது மனு ஏற்பு ரசீது, 'சி.எஸ்.ஆர்.' என்பார்கள். அது முதல் தகவல் அறிக்கை அன்று. அதைக் கையில் வாங்கிக்கொண்டு வழக்குப் பதிவாகிவிட்டது என்று நம்பி, மாதக்கணக்கில் காத்திருக்கும் குடும்பங்கள் பல. கைது செய்வதற்குரிய குற்றம் தகவலில் வெளிப்பட்டால் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-இல் உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது. மற்றவரின் கடவுச்சொல், மின்னணுக் கையொப்பம், தனித்த அடையாளக் கூறு ஆகியவற்றை மோசடியாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். கணினி வழி ஆள்மாறாட்டம் 66டி. பாரதிய நியாய சன்ஹிதாவில் ஆள்மாறாட்ட ஏமாற்று 319, ஏமாற்றிச் சொத்தைப் பெறுவது 318(4), ஏமாற்றுவதற்காக ஆவணம் புனைவது 336(3), கடன் பத்திரம் போன்ற மதிப்புறு ஆவணத்தைப் புனைவது 338.

மனுவில் 66சி மட்டும் எழுதினால் இரண்டு தடைகள் வரும். ஒன்று, இச்சட்டத்தின்கீழ் ஆய்வாளர் நிலைக்குக் குறையாதவரே புலனாய்வு செய்ய வேண்டும் என்பதால், 'சைபர் குற்றக் காவல் நிலையத்துக்குப் போங்கள்' என்று உதவி ஆய்வாளர் அனுப்பிவிடுவார். மாவட்டத் தலைநகரில் உள்ள அந்த நிலையமோ, 'இது காகித மோசடி, உள்ளூரில் கொடுங்கள்' என்று திருப்பி அனுப்பும். மற்றொன்று, மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குக் குறைவான தண்டனையுள்ள குற்றங்களில் துணைக் கண்காணிப்பாளரின் அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(3) இடம் தருகிறது. 318(4), 336(3) ஆகியவற்றுக்குத் தண்டனை ஏழாண்டு வரை. 338-க்கு ஆயுள் வரை. நடந்தவற்றில் இக்குற்றங்களின் கூறுகள் இருந்தால் அவற்றை மனுவில் தெளிவாக எழுத வேண்டும். அப்போது 14 நாள் என்ற சாக்குக்கு இடமில்லை. எல்லை எங்கள் நிலையத்தது அன்று என்பதும் இனிச் செல்லாது. குற்றம் எங்கு நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் தரலாம் என்று 173(1) சொல்கிறது. பதிய மறுத்தால் மனுவை அஞ்சலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்ப வேண்டும். அங்கும் அசைவில்லை என்றால், உறுதிமொழி ஆவணத்துடன் குற்றவியல் நடுவரிடம் 175(3)-இன்கீழ் மனு செய்யலாம். கண்காணிப்பாளருக்கு அனுப்பிய ஒப்புகை இல்லாமல் நடுவரிடம் போனால் மனு திரும்பிவிடும்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இதற்குப் பொருந்துமா என்று முகாம்களில் தவறாமல் கேட்கிறார்கள். எல்லா வழக்குக்கும் பொருந்தாது. 3(2)(விஏ) பிரிவுக்கான அட்டவணையில் ஏமாற்றுதல் இல்லை. ஆனால் பத்தாண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சிறைக்குரிய குற்றத்தை, பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்று அறிந்தே, அவர் மீதோ அவர் சொத்தின் மீதோ இழைத்தால் 3(2)(வி) வரும். ஆயுள் தண்டனை வரை உள்ள மதிப்புறு ஆவணப் புனைவு அந்த அளவைத் தொடுகிறது என்பது எங்கள் வாதம். பொது ஊழியருக்குப் பொய்த் தகவல் தந்து, அவர் தம் அதிகாரத்தைப் பட்டியல் சாதியினருக்குத் தீங்கு விளையும்படி பயன்படுத்தச் செய்வது 3(1)(கியூ). நம் பெயரில் போலி நிறுவனத்தைப் பதிந்து வரி நடவடிக்கையை நம் மீது திருப்பிவிட்டவருக்கு இந்தப் பிரிவு பொருந்தும் என்று வாதிட இடமிருக்கிறது. ஆள்மாறாட்டம் செய்து பத்திரம் பதிந்து நிலத்தைப் பறித்தால் 3(1)(எஃப்) நேரடியாகவே வரும். நில ஆவணங்களைப் புனைவதையும் முறைகேடு என்றே அதன் விளக்கம் சொல்கிறது. குற்றவாளிக்கு நம் சாதி தெரியாது என்ற வழக்கமான எதிர்வாதத்துக்கு 8(சி) பிரிவில் பதில் உள்ளது: பாதிக்கப்பட்டவரையோ குடும்பத்தையோ நேரில் அறிந்தவர் என்றால், மாறாக நிரூபிக்கப்படும்வரை சாதியையும் அறிந்திருந்தார் என்றே நீதிமன்றம் கொள்ளும். திருடியவர் முகம் தெரிந்தவர் என்று மேலே சொன்னது இங்கேதான் சட்டப் பொருள் பெறுகிறது.

இச்சட்டம் பொருந்தும் இடத்தில் 18ஏ பிரிவின்படி முதல் தகவல் அறிக்கைக்கு முன் முதற்கட்ட விசாரணை தேவையில்லை. வாய்மொழித் தகவலை எழுதிக்கொண்டு, கையொப்பம் வாங்குமுன் அதைத் தகவல் தந்தவருக்குப் படித்துக்காட்ட வேண்டும் என்பது 4-ஆவது பிரிவு சுமத்தும் கடமை. படிக்கத் தெரியாத ஒரு பெண், ஏற்கெனவே தெரியாத காகிதத்தில் கைரேகை வைத்ததால்தான் நிலையத்துக்கே வந்திருக்கிறார். அங்கும் படித்துக்காட்டாத காகிதத்தில் கைரேகை கேட்கக் கூடாது. அதே வேளையில், குற்றஞ்சாட்டப்படுபவரும் பட்டியல் சாதியினர் என்றால் இச்சட்டம் வராது. சான்றிதழில் கிறித்தவர் என்று உள்ள தலித்துகளுக்கும், 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் காரணமாக, இந்தப் பாதுகாப்பு இன்னும் மறுக்கப்படுகிறது. பொருந்தாத வழக்கில் இச்சட்டத்தைச் சேர்த்தால், அதை நீக்கக் கோரும் மனுவிலேயே ஓராண்டு போய்விடும். புகாரைப் பதிய மறுத்தால் 14566 என்ற வன்கொடுமைத் தடுப்பு உதவி எண்ணில் அதையும் பதிவு செய்யலாம்.

ஆதார் சட்டத்தின்கீழ் முன்பு ஆணையம் மட்டுமே நீதிமன்றம் செல்ல முடியும். தனிநபருக்கும் அந்த உரிமை வேண்டும் என்று 2018 ஆதார் தீர்ப்பில் உச்சநீதிமன்றம் கூறியபின், 2019 திருத்தம் சில குற்றங்களுக்கு அதை அனுமதித்தது. இழப்பீடு கேட்க இன்னொரு வழியும் உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 46-ஆவது பிரிவின்படி மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலரே தீர்ப்பளிக்கும் அலுவலர். 2010-இல் தமிழ்நாட்டில் இந்த வழியில் ஒரு வாடிக்கையாளருக்கு 12 லட்சம் ரூபாய்க்கு மேல் தருமாறு தனியார் வங்கி ஒன்றுக்கு ஆணையிடப்பட்டது. நம் மக்களில் இந்தக் கதவைத் தட்டியவர் மிகக் குறைவு. வழக்குரைஞர்களான நாமே அதை அதிகம் பயன்படுத்தவில்லை.

ஒரு கேள்வியை முதல் நாளே தனியே அமர்த்திக் கேட்டுவிட வேண்டும்: கணக்கையோ சிம் அட்டையையோ சில ஆயிரம் ரூபாய்க்கு நீங்களே கொடுத்தீர்களா? கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகளின் உதவித்தொகைக் கணக்குகளைத் தேடி இத்தகைய தரகர்கள் வருகிறார்கள். அப்படிக் கொடுத்திருந்தால், திருடப்பட்டது என்று மனு எழுதுவது பொய்ப் புகார் ஆகிவிடும். முன்பிணையும், தரகரைப் பற்றிய உண்மையான வாக்குமூலமும்தான் அங்கே வழி.

இவை எதற்கும் வழக்குரைஞர் கட்டணம் தடையாக இருக்க வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் அனைவருக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உரிமை உண்டு. வட்டச் சட்டப் பணிகள் குழு நீதிமன்ற வளாகத்திலேயே இயங்குகிறது. உதவி எண் 15100. அங்கே சாதிச் சான்றிதழின் நகலும் ஆதாரின் நகலும் கேட்பார்கள். ஆதாரில் கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைப்பு நகலைக் கொடுங்கள். எந்த நகலானாலும் அதன் குறுக்கே நோக்கம், தேதி, கையொப்பம் மூன்றையும் எழுதுங்கள். எழுத்து, அச்சிட்ட எண்ணின் மேலும் படத்தின் மேலும் பட வேண்டும். ஓரத்தில் எழுதினால் அதை வெட்டிவிட்டு மறுநகல் எடுத்துக்கொள்வார்கள்.